சாதா சைக்கிளும் எழுபது வளைவும்

எங்கூர்ல மலை கிடையாதுங்க. அதை முதல்லயே சொல்லிடறேன். மோகனூர்னா காவிரி, கரும்பு, வாழை, வெத்தலைக் கொடிக்கால், சர்க்கரை ஆலை. நாமக்கல் கவிஞர் பொறந்த ஊருன்னு கொஞ்சம் பெருமையும் அடிச்சுக்குவோம் (பேரை நாமக்கல் தட்டிக்கிட்டுப் போயிருச்சு, என்ன பண்றது). மலைன்னு சொல்லிக்க காந்தமலை ஒன்னு இருக்கு, மேல முருகன் இருக்காரு. ஆனா அதை மலைங்கறதை விடக் குன்றுங்கறதுதான் நியாயம். மத்தபடி எங்க பார்த்தாலும் தட்டையான பூமி. இந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு ஒருத்தன் "நான் மவுண்டன் பைக் ஓட்டறனுங்க"ன்னா சிரிக்காம என்ன பண்ணுவாங்க? எங்க பெரியப்பா ஒருதடவை நேராவே கேட்டாரு, "ஏன்டா தம்பி, மலையே இல்லாத ஊர்ல மலைச் சைக்கிளு எதுக்குடா?" சிரிச்சுக்கிட்டே நகர்ந்துட்டேன். பதில் இப்ப எழுதறேன், அவர் இதெல்லாம் படிக்க மாட்டாருங்கற தைரியத்துல :-)

பொழப்பு சைக்கிள் கடை. அப்பா ஆரம்பிச்சது. எண்பதுகள்ல அப்பாகிட்ட பன்னெண்டு வாடகை சைக்கிள் இருந்துச்சு. பின் மட்கார்டுல வெள்ளைப் பெயிண்ட்ல ஒன்னுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நம்பர். ஒரு நோட்டுல பேரு, நம்பர், எடுத்த நேரம், அவ்வளவுதான் கணக்கு. மணி வாடகைக்கு எடுத்துட்டுப் போய் குரங்குப் பெடல் போட்டு, முட்டி தேய்ச்சுக்கிட்டு வந்து, "சைக்கிளுக்கு ஒன்னும் ஆகலீங்க"ன்னு சொல்ற பசங்களைப் பார்த்தே நான் வளர்ந்தேன். வாங்கல் பக்கம் போறவங்க பரிசல்ல சைக்கிளையும் ஏத்திக்கிட்டு ஆத்தைத் தாண்டுவாங்களாம். இப்பத்தான் பாலம் வந்துருச்சே. அப்பாவோட தொழிலுக்கு எதிரி 1980லயே பொறந்துட்டான். அந்த வருஷம்தான் டி.வி.எஸ். 50 வந்துச்சு. உடனே ஒன்னும் ஆகல. மெதுவா, வருஷத்துக்கு ரெண்டு சைக்கிளா நம்பர் குறைஞ்சுக்கிட்டே வந்து, கடைசியில ஏழாம் நம்பர் மட்டும் மிஞ்சுச்சு. அது இன்னும் கடையில கயித்துல தொங்குது. விலைக்குக் கேட்டாங்க, குடுக்கல.

என்னோட ஒரு நாள் எப்படிப் போகும்னா, காலையில எட்டு மணிக்குள்ள ரெண்டு பஞ்சர். அதுல ஒன்னு நிச்சயமா வேலிமுள். கடைக்குப் பேரு சைக்கிள் கடைதான், ஆனா பாதி நாள் மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் பஞ்சர் ஒட்டித்தான் அரிசி பருப்பு வாங்கறேன். பத்து மணிக்கு மேல வீல் கோட்டம் எடுக்கற வேலை, ஓவராயில், பால்ரஸ் மாத்தறது. கோட்டம் எடுக்கறது எனக்குப் பிடிச்ச வேலை. ரிம்மைச் சுத்திவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கற அந்த நூல் அளவு வெளிச்சத்தையே பார்த்துக்கிட்டு இருக்கணும். வெளிச்சம் ஆடுனா கோட்டம். எந்தப் பக்கம் ஆடுதோ அதுக்கு எதிர்ப்பக்கத்துக் கம்பியை அரைக்கால் திருகு முறுக்கணும், ஒரே இழுப்புல அரைத் திருகு முறுக்குனா வேற இடத்துல புதுக் கோட்டம் கிளம்பும். அந்த நேரத்துல யாராவது வந்து அரசியல் பேசுனா எனக்குக் காதே கேக்காது. வீட்டம்மா இதை "உங்க தவம்"னு சொல்லும். கிண்டலாத்தான்.

2020 கொரோனா ஊரடங்கு முடிஞ்ச கையோட ஊருக்குள்ள ஒரு கியர் சைக்கிள் அலை அடிச்சுது. ஜிம்மு மூடியிருக்கு, நடக்கப் போனா போலீஸ் விரட்டுது, அதனால ஆளாளுக்கு வாங்குனாங்க. உலகம் பூரா அப்ப சைக்கிளுக்குத் தட்டுப்பாடுதான். அந்தச் சைக்கிள்கள்ல முக்கால்வாசி இன்னிக்கு மாடிப்படிக்குக் கீழ நிக்குது. சிலதுல துண்டு காயுது. எனக்கு என்ன லாபம்னா, அதை நாலு வருஷம் கழிச்சு எடைக்குப் போடப் போறவங்க என்கிட்ட கொண்டாந்து, "அண்ணா, எதையாவது குடுத்துட்டு வெச்சுக்கங்க"ம்பாங்க. அதுல இருந்து கழட்டுன சாமான் ஒரு பெட்டி நிறைய இருக்கு. இந்தப் பெட்டி பின்னாடி ஒரு இடத்துல வருது, ஞாபகம் வெச்சுக்கங்க.

நான் ஓட்டறதும் அப்படி வந்த ஒன்னுதான். 26 இஞ்ச் சக்கரம், ஸ்டீல் பிரேம். புதுசா வர்ற அலுமினிய பிரேம் எடை குறைவுதான், ஒத்துக்கறேன். ஆனா அலுமினியம் விட்டுப்போச்சுன்னா சாதாரணப் பட்டறையில ஒட்ட முடியாது. ஸ்டீல்னா நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறைக்கா பஞ்சம்? அங்கயும் கனமான தகட்டுக்கு வைக்கற அதே ஆர்க்கை சைக்கிள் பைப்புக்கு வெச்சா ஓட்டை விழுந்துரும், பித்தளை வெச்சு ஊதற ஆள் வேணும். ஒருத்தர் இருக்காரு. லாரிக்கு நடுவுல என் சைக்கிளை மல்லாக்கப் போட்டு ஊதிக் குடுத்தாரு. அதுக்கப்புறம் அந்த இடத்துல ஒன்னும் ஆகல, வேற இடத்துலதான் ஆச்சு.

சரி, மலையில்லாத ஊர்ல எங்க ஓட்டறதுன்னா, வாய்க்கால் கரை. ஜேடர்பாளையத்துல காவிரியில இருந்து பிரியற ராஜவாய்க்கால் ஒரு குடும்பம். கொமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், கடைசியா எங்க மோகனூர் வாய்க்கால். அந்தக் கரை மேல ஒரு ஆள் நடக்கற அளவுக்குத் தடம் இருக்கும். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வாழைத்தோட்டத்துச் சரிவு. மழைக்கு அப்புறம் களிமண்ணு வழுக்கும், கோடையில மாட்டுக் குளம்படி காஞ்சு கல்லு மாதிரி நிக்கும். அதுல பத்து கிலோமீட்டர் விழாம ஓட்டிட்டு வந்தா எந்த மலைப்பாதையிலயும் ஓட்டலாம். வெளிநாட்டுக்காரங்க இதுக்காகவே காட்டுக்குள்ள தடம் வெட்டி, சிங்கிள் டிராக்னு பேரு வெச்சிருக்காங்க. எங்களுக்கு மாடு மேய்ச்சே போட்டுக் குடுத்துருச்சு.

பெரிய ஓட்டம்னா கொல்லிமலை. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி நாலு மணிக்குக் கிளம்பணும். நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி அடிவாரம். அதுவே நாப்பது கிலோமீட்டருக்கு மேல. அங்க டீ குடிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா மலை சுவரு மாதிரி நிக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு நம்பர் போட்டிருக்கும், அதுதான் கொடுமை. முதல் பத்து வளைவு வீரம். இருபதுல பேச்சு நின்னுரும். முப்பதுக்கு மேல நம்பரைப் பார்க்கக் கூடாதுன்னு முடிவு பண்ணி, ஒவ்வொரு வளைவுலயும் பார்ப்போம். வளைவுக்குள்ள உள்பக்கம்தான் செங்குத்து, அதனால வண்டி வரலைன்னு தெரிஞ்சா வெளிப்பக்கமா அகலமா எடுத்துத் திரும்பணும். பஸ்ஸு வந்துச்சுன்னா அது மொத்த ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், அப்ப இறங்கி ஓரமா நின்னுரணும். அங்க வீரம் காட்டக் கூடாது. சோளக்காடு சந்தைக்கு வந்தா பலாவும் மிளகும் அன்னாசியும் கலந்து ஒரு வாசம் அடிக்கும் பாருங்க, அதுக்காகவே இன்னொருதடவை ஏறலாம். (அந்த நேரத்துல அப்படித் தோணும்.)

இறங்கறதுதான் நிஜமான வேலை. ரிம்முல கட்டை உரசுற பிரேக்கை விடாம பிடிச்சுக்கிட்டே வந்தா ரிம்மு தோசைக்கல்லு ஆயிரும். உள்ள இருக்கற டியூப் வெடிக்கற அளவுக்குச் சூடு ஏறும். அதனால நேர்ப்பாதையில விட்டு, வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்திப் பிடிச்சு, மறுபடி விடணும். இருபது வளைவுக்கு ஒருதடவை நின்னு ரிம்மு மேல ரெண்டு சொட்டுத் தண்ணி விடுவேன். சுர்ருனு சத்தம் வந்தா அஞ்சு நிமிஷம் குரங்கு வேடிக்கை. (நாங்க குரங்கை இல்ல, குரங்கு எங்களை.)

இந்தச் சூட்டுல இருந்துதான் மவுண்டன் பைக் பந்தயமே பொறந்துச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? கலிபோர்னியாவுல மரின் கவுண்டின்னு ஒரு பகுதி. எழுபதுகள்ல அங்க இருந்த பசங்க, 1930, 40கள்ல பேப்பர் போடற பையன்க ஓட்டிக்கிட்டிருந்த பெருத்த டயர் ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடையில பொறுக்கி எடுத்து, மலை மண்ரோட்டுல இறக்கி விளையாடுனாங்க. நம்ம பால்காரர் சைக்கிள் மாதிரி கனம். கியர் கிடையாது. பெடலைப் பின்னாடி மிதிச்சா பின்சக்கர ஹப்புக்குள்ள பிரேக் பிடிக்கும், அவ்வளவுதான். ரெண்டு மைல் சொச்ச தூரத்துல 1300 அடி இறக்கம். கீழ வந்து சேரறதுக்குள்ள ஹப்புல இருக்கற கிரீஸு சூட்டுல புகையாப் போயிரும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரிச்சு மறுபடி கிரீஸ் அடைக்கணும். அதனால அந்தப் பாதைக்கே ரீபேக்னு பேரு வந்துருச்சு. மறுபடி அடைக்கறதுன்னு அர்த்தம். முதல் பந்தயம் 1976 அக்டோபர் 21. அங்க கேரி ஃபிஷர் 4 நிமிஷம் 22 விநாடியில இறங்குனதுதான் ரெக்கார்டு. மேல ஏத்தத் தள்ளிக்கிட்டுப் போக முடியாம கியரை மாட்டுனாங்க. பழைய பிரேம் ஒடிஞ்சுக்கிட்டே இருந்துச்சுன்னு 1977ல ஜோ பிரீஸ் இதுக்குன்னே புதுசா பிரேம் கட்டுனாரு. இருபதே வருஷத்துல, 1996 அட்லாண்டாவுல, அது ஒலிம்பிக் போட்டி ஆயிருச்சு.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது ஒலிம்பிக் இல்ல. ஹப்பைப் பிரிச்சு கிரீஸ் அடைக்கற அந்தக் காட்சிதான். அதைத்தான நானும் தினம் பண்றேன்! அந்தப் பசங்க அத்தனை பேரும் ஏறக்குறைய சைக்கிள் கடைக்காரனுங்கதான். பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான். மலைச் சைக்கிள்னு ஒன்னு வானத்துல இருந்து வரல. சாதா சைக்கிளை ஓட்டக் கூடாத இடத்துல ஓட்டி, உடைச்சு, சரிபண்ணி, மறுபடி ஓட்டி வந்ததுதான் அது.

என் பந்தய வரலாறு சுருக்கமானது. பொங்கல் விளையாட்டுல மெதுவா சைக்கிள் ஓட்டற போட்டியில மூணு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு. சிரிக்காதீங்க. காலை ஊனாம ஒரே இடத்துல சைக்கிளை நிறுத்தி வைக்கறது லேசான வேலை இல்ல. பரிசு எவர்சில்வர் குண்டா. வீட்ல மூணு குண்டா இருக்கு. அப்புறம் நீலகிரிப் பக்கம் ஒரு மண்பாதைப் பந்தயத்துக்கு ஒருதடவை போனேன். ராத்திரி பூரா மழை. டயர்ல ஒட்டுன சேறு பிரேக் கட்டையில சிக்கி சக்கரமே சுத்தல, தோள்ல தூக்கிக்கிட்டு ஓடுனேன். டிஸ்க் பிரேக் வெச்சிருந்த பசங்க ஜம்முனு போனாங்க. டிஸ்க் பிரேக் எதுக்குன்னு கேட்டா ஆளாளுக்கு என்னென்னமோ சொல்லுவாங்க, எனக்கு அன்னிக்கு அரை மணி நேரத்துல புரிஞ்சுது. இருபத்திமூணாவதா வந்தேன். மொத்தம் எத்தனை பேருன்னு கேக்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். இதுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், வழக்கம்போல சுத்திக்கிட்டு வந்துட்டேன்.

நம்ம மாநிலத்துல பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குன்னு மாவட்டம் மாவட்டமா நடக்கற சைக்கிள் பந்தயம் ஒன்னு இருக்கு. அண்ணா பிறந்தநாளை ஒட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தற மிதிவண்டிப் போட்டி. 13, 15, 17 வயசுக்குள்ளன்னு மூணு பிரிவு. 17க்குள்ள பையன்களுக்கு 20 கிலோமீட்டர், பொண்ணுங்களுக்கு 15. முதல் பரிசு 5000, ரெண்டாவது 3000, மூணாவது 2000, நாலுல இருந்து பத்து வரைக்கும் ஆளுக்கு 250 ரூபா. எனக்கு ரொம்பப் பிடிச்சது அதோட விதி. இந்தியாவுல செஞ்ச சாதா சைக்கிளா இருக்கணும், சாதா ஹேண்டில்பாரா இருக்கணும், கியர் கூடாது. காசிருக்கற வீட்டுப் பையன் லட்ச ரூபா சைக்கிளோட வந்து நிக்க முடியாது. இன்னொன்னும் இருக்கு. 2001ல பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு ஆரம்பிச்சு, அப்புறம் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் வந்துச்சே விலையில்லா சைக்கிள், அது இந்தப் போட்டிக்கு அப்படியே தகுதி. பிளஸ் ஒன் படிக்கற ஒவ்வொரு பிள்ளை வீட்டு வாசல்லயும் பந்தய சைக்கிள் நிக்குதுன்னு அர்த்தம். என்ன, யாரும் அதை அப்படிப் பார்க்கறதில்ல.

மூணு நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆடி மாசம், காவிரியில தண்ணி கரை தொட்டுப் போயிட்டிருந்த நேரம், ஒரு பொண்ணு அந்தச் சைக்கிளோட கடைக்கு வந்துச்சு. ஸ்கூல் யூனிபார்ம், ரெட்டைச் சடை. "அண்ணா, இதை வெசையா போற மாதிரி பண்ணித் தர முடியுமாங்?"

"வெசையா எங்க போகோணும் அம்மிணி?"

"நாமக்கல்ல போட்டிங்கண்ணா. பி.டி. டீச்சர் பேரு குடுத்துட்டாங்."

சைக்கிளைச் சுத்திப் பார்த்தேன். புது வண்டிதான். எந்தப் புது வண்டியா இருந்தாலும் நூறு கிலோமீட்டர் ஓடுனா கம்பி தளரும், கோன் தளரும், அதெல்லாம் சகஜம். சீட்டைப் பார்த்தேன். அடிமட்டத்துல இருந்துச்சு. ஓட்டிக் காட்டச் சொன்னேன். முட்டி ரெண்டும் நெஞ்சு வரைக்கும் வருது. வெட்டுக்கிளி மாதிரி. அப்படியும் அந்தப் பொண்ணு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்து டீக்கடைக்காரரு கையில இருந்த டம்ளரை அப்படியே வெச்சுட்டுப் பார்த்தாரு.

கடையில இருந்த ரெண்டு பேரு ஆளுக்கொரு யோசனை சொன்னாங்க. பின்னாடி பதினெட்டுப் பல் பிரீவீலை எடுத்துட்டுப் பதினாறு போடு, ஒரு மிதிக்குக் கூடத் தூரம் போகும். கணக்கு சரிதான். முன்னாடி 44 பல், பின்னாடி 18ன்னா ஒரு சுத்துக்கு அஞ்சு மீட்டர் போகும், 16 போட்டா அஞ்சே முக்கால். ஆனா அந்த முக்கால் மீட்டர் சும்மா வராதே? கால்தான் குடுக்கணும். எதிர்க்காத்து அடிச்சா தொடை கட்டிக்கும். இந்தப் பொண்ணோட பலம் சட்டுச் சட்டுனு சுத்தற கால். அதைக் கெடுக்க வேண்டாம்னு பிரீவீல்ல கைவைக்கல. ஹப்பு ரெண்டையும், நடு அச்சையும் பிரிச்சுக் கழுவி புது கிரீஸ், கோட்டம் எடுத்தேன், டயர்ல காத்தை நல்லா ஏத்துனேன். கடைசியா சீட்டை நாலு விரக்கடை தூக்குனேன்.

"ஐயோ அண்ணா, கால் எட்டலீங்!"

"எட்டக் கூடாது. பெடல் கீழ இருக்கறப்ப கால் ஏறக்குறைய நீளோணும், முட்டி லேசா மடங்கியிருந்தாப் போதும். நிறுத்தறப்ப சீட்டுல இருந்து முன்னாடி இறங்கி நில்லு."

ரெண்டு நாள் பயந்துச்சு. மூணாம் நாள் பழகிருச்சு. ஆனா நாலாம் நாள் மறுபடி சீட்டு கீழ. என்னன்னா, அதோட அப்பா விடியக்காலையில தோட்டத்துக்குத் தண்ணி கட்ட இதே சைக்கிள்லதான் போறாரு. வரும்போது கேரியர்ல தீவனக் கட்டு. கனத்தோட ஓட்டறவருக்குத் தரையில கால் ஊன்றது முக்கியம், சீட்டு மேல இருந்தா சாஞ்சுருவாரு. அவர் பக்கமும் நியாயம்தான். ஒரு சைக்கிள், ரெண்டு உசரம். தினம் ரெண்டு தடவை ஸ்பேனர் போட்டா நட்டு மழுங்கிரும்.

அப்பத்தான் அந்தப் பெட்டி ஞாபகம் வந்துச்சு. கொரோனா காலத்து கியர் சைக்கிள் ஒன்னுல இருந்து சீட்டுக் கிளாம்ப், கையால மடக்கற நெம்புகோல் வெச்சது. க்விக் ரிலீஸ்ம்பாங்க. சக்கரத்துக்கான க்விக் ரிலீஸைச் செஞ்சவரு இத்தாலிக்காரர் துல்லியோ கம்பனோலோ. 1927ல ஒரு பந்தயத்துல, குளிர்ல விரல் மரத்துப்போய்ச் சக்கர நட்டைக் கழட்ட முடியாம தவிச்சதுல தோணுன யோசனைன்னு ஒரு கதை சொல்லுவாங்க. அது மோகனூருக்கு வந்து, தண்ணி கட்டற அப்பாவுக்கும் பந்தயம் போற பொண்ணுக்கும் நடுவுல உட்கார்ந்துச்சு. கம்பியோட அளவு கொஞ்சம் வேற, உள்ள ஒரு தகரத்தைச் சுருட்டி வெச்சு இறுக்குனேன். சீட்டுக் கம்பியில ரெண்டு கோடு போட்டுக் குடுத்தேன். கீழ்க்கோடு அப்பா, மேல்கோடு மக.

சாயங்காலம் நாமக்கல் ரோட்டுல பயிற்சி. நான் முன்னாடி மலைச் சைக்கிள்ல, அது என் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி. முன்னாடி போறவன் காத்தைக் கிழிச்சா பின்னாடி வர்றவங்களுக்குக் கணிசமா சுமை குறையும், பந்தயத்துல பாதி வித்தை அதுதான். "முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ, ஆனா சக்கரத்தை மட்டும் தொட்டுறாதே" இவ்வளவுதான் நான் சொல்லிக் குடுத்தது. அதோட அம்மாயி ரெண்டு நாள் கடைக்கு வந்து சத்தம் போட்டுச்சு. "பொட்டப்புள்ளய ரோட்டுல தொரத்திக்கிட்டு போறயே, நல்லாருக்குதா சாமி?" என்ன பதில் சொல்ல? வீட்டம்மாதான் வெளிய வந்து, "ஆத்தா, நானும் கூடப் போறேன், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லி, நெசமாவே ஸ்கூட்டியில பின்னாடி வந்துச்சு. அந்த ரெண்டு மாசம் எங்க வீட்ல ராத்திரிக்குத் தினம் உப்புமாதான்.

போட்டி அன்னிக்குக் கூடை, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாத்தையும் கழட்டுனோம். அப்பா கூடவே ஒரு சாக்கு கொண்டாந்திருந்தாரு. ஒவ்வொரு நட்டா எண்ணி எண்ணி அதுல போட்டுக்கிட்டாரு. சாயங்காலம் அதே சைக்கிள்தான தீவனம் சுமக்கோணும்! கிளம்பற கோட்டுல நாப்பது அம்பது பொண்ணுங்க. பாதிப் பேரு சீட்டு அடிமட்டம். எனக்கு ஒவ்வொருத்தரா போய்ச் சீட்டைத் தூக்கிவிடணும்னு கை பரபரன்னு இருந்துச்சு.

ஏழாவதா வந்துச்சு. 250 ரூபா, ஒரு சான்றிதழ். எனக்கும் அப்பாவுக்கும் தலைகால் புரியல. அந்தப் பொண்ணுக்கு மட்டும் மூஞ்சி உம்முனு. "மூணாவதுக்கும் எனக்கும் நடுவுல ரொம்பத் தூரமே இல்லீங்கண்ணா. கடைசித் திருப்பத்துல ரெண்டு பேரு குறுக்க வந்துட்டாங்." தண்ணி குடிச்சுட்டு, சாக்கைப் பிரிச்சு, அதே கையால கேரியரை மாட்ட ஆரம்பிச்சுருச்சு. ஸ்பேனர் பிடிக்கற விதத்தைப் பார்த்தா, கடையில வேடிக்கை பார்த்துக்கிட்டு சும்மா நிக்கலைன்னு தெரிஞ்சுது.

எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அடுத்த வருஷம் வயசு தாண்டிரும். பதினேழு முடிஞ்சா இந்தச் சாதா சைக்கிள் வாசல் மூடிக்கும். அதுக்கு மேல உள்ள பந்தயமெல்லாம் வேற உலகம். டிராப் பாரு, கார்பன் பிரேமு, ஒரு டயர் விலையில எங்க கடையில ஒரு சைக்கிளே வாங்கலாம். அந்த வாசலுக்கும் இந்த வாசலுக்கும் நடுவுல படியே இல்ல. திறமை இருக்கற பிள்ளைங்க ஊருக்கு நாலு பேரு இப்படித்தான் ஏழாவது, பத்தாவதுன்னு சான்றிதழை வாங்கி, பீரோவுல துணிக்கு அடியில வெச்சுட்டுப் போயிடறாங்க. இதுக்கு யாரைக் குறை சொல்றதுன்னு தெரியல. சைக்கிள் குடுத்தாச்சு, போட்டியும் வெச்சாச்சு, அதுக்கு அடுத்த படியை யாராவது கட்டணும்ல?

என்னால கட்ட முடிஞ்சது ஒரே ஒரு சைக்கிள். பெட்டியைக் கொட்டுனேன். ஒருத்தர் எடைக்குப் போட்ட ஸ்டீல் பிரேம், வேற ரெண்டு சைக்கிளோட சக்கரம், ஆறு பல் அடுக்கு, முன்னாடி ஒரே சின்னப் பல்சக்கரம். பெயிண்ட் மட்டும் புதுசு. என்ன கலர்னு கேட்டதுக்கு "உங்க ஏழாம் நம்பர் சைக்கிள் கலர்"னு சொல்லுச்சு. மை பச்சை. தேடித் தேடி வாங்குனேன்.

அடுத்த தை மாசம் கொல்லிமலை. அப்பாவும் வந்தாரு, காரவள்ளி வரைக்கும் பஸ்ஸுல. நானும் பொண்ணும் ஏற, அவரும் வீட்டம்மாவும் ஸ்கூட்டியில பின்னாடி. இருபதுல பேச்சு நின்னுச்சு. முப்பதுல நான் நம்பர் பார்க்காதேன்னு சொன்னேன், அது பார்த்துச்சு. நாப்பத்தொன்னாவது வளைவுல கால் இழுத்துக்கிச்சு. இறங்கி, ரோட்டோரக் கல்லுல உட்கார்ந்து, கீழ ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. சேந்தமங்கலம் பக்கம் வயலெல்லாம் பாய் விரிச்ச மாதிரி தெரியும் அங்க இருந்து. "அண்ணா, நம்மூரு எந்தப் பக்கமுங்?" கை காட்டுனேன். புகைமூட்டம், ஒன்னும் தெரியல. ஆனா அந்தப் பக்கம்தான்.

இப்ப அது சேலத்துல நர்சிங் படிக்குது, ஹாஸ்டல். பச்சை சைக்கிள் எங்க கடையிலதான் இருக்கு, மாசம் ஒருதடவை செயினுக்கு எண்ணெய் விடறேன். அவங்கப்பா அந்த அரசு சைக்கிளைத்தான் இன்னும் ஓட்டறாரு. நெம்புகோல் லூசாகுதுன்னு போன வாரம் வந்தாரு. சீட்டுக் கம்பியில மேல்கோடு இன்னும் அழியாம இருக்கு. இருபத்தெட்டுப் பல் வெச்ச பிரீவீல் ஒன்னு ஈரோட்டுல சொல்லிவெச்சிருக்கேன், அது வந்துட்டா ஏத்தத்துல கால் இழுக்காது. பொங்கல் லீவுக்கு வருதாம். போன்ல கேட்டுச்சு, நாப்பத்திரண்டாவது வளைவுல இருந்து ஆரம்பிக்கலாமாங்கண்ணான்னு. அதெல்லாம் ஆகாது, அடிவாரத்துல டீ குடிச்சுட்டு ஒன்னுல இருந்துதான்னு சொல்லியிருக்கேன்.